பிரேக் பாகங்கள் ஏஜென்சியிலா, வெளியிலா: வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, கடைக்குத் தொலைபேசி எடுத்து விலை கேட்பது. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்தப் பாகம், எந்த அளவு, எதனால் தேய்ந்தது என்று தெரியாமல் கேட்கும் விலையை வேறெந்த விலையோடும் ஒப்பிட முடியாது. திருகோணமலையில் கராஜ் வேலை செய்யும் எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஜென்சியின் பொருளோ பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளின் பொருளோ கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் கடந்து இங்கு வர வேண்டியிருக்கிறது. பிழையான பெட்டி வந்தால் அதைத் திருப்பி அனுப்பிச் சரியானதைப் பெறும்வரை வாகனம் ஜக்கின் மேலேயே நிற்கும்.

இங்கே ஏஜென்சி என்பது வாகனக் கம்பனியின் உள்நாட்டு முகவரைக் குறிக்கிறது. வெளிப் பாகம் என்பது உதிரிப்பாகக் கடைகளில் வேறு கம்பனிகளின் பெயரில் கிடைப்பதைக் குறிக்கிறது. கீழேயுள்ள படிகளை அதே வரிசையில் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தியதன் விடையை வைத்தே நடக்கிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

வாகனப் பதிவுப் புத்தகத்தின் படம், வேர்ணியர் இடுக்கி, நல்ல டோர்ச், ஜக், ஜக் ஸ்டாண்ட் இரண்டு, சில்லுக்கு அடை கொடுக்கக் கல் அல்லது கட்டை, படம் எடுக்கக்கூடிய தொலைபேசி ஆகியவை போதும். வேர்ணியருக்குப் பதிலாக அடிக்கோலைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் முடிவே மாறுகிற வேலை இது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வளவுகளில் நிலம் மணல். ஜக்கை வெறும் மணலில் வைத்தால் அது பாரம் ஏறியதும் சாய்ந்து புதையும். அகலமான பலகையை அடியில் போட்டு, வாகனம் உயர்ந்தவுடன் ஸ்டாண்டில் இறக்கிய பின்னரே சில்லைக் கழற்ற வேண்டும்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அவற்றின் பிரேக் அமுக்கத்தை மின்பம்ப் ஒன்று உண்டாக்குகிறது. அது கதவைத் திறந்தாலே இயங்கத் தொடங்கலாம். அந்த நேரத்தில் கலிப்பர் (சில்லோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட்களால் கவ்வும் பகுதி) கழன்றிருந்தால் அதற்குள்ளிருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், விரல் அகப்பட்டால் நசியும். மின்சாரக் கைப்பிரேக் உள்ள கார்களிலும் பின்பக்கத்தைத் தொடுமுன் ஸ்கேனர் மூலம் அதைச் சேர்விஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இவ்விரண்டையும் அதற்குரிய கருவி வைத்திருப்பவரிடம் கொடுப்பதே முறை.

2. முதலில் பழையதை அளக்கவும்

ஒரு அச்சில் நான்கு பேட்கள் இருக்கின்றன: வலது உள், வலது வெளி, இடது உள், இடது வெளி. நான்கையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும். உராயும் பகுதியின் தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு, இன்னும் 8 மில்லிமீற்றர் இருக்கிறது என்று மகிழ்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிய பேட்டில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றுவதற்கான நேரம்.

நான்கையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடந்த மாரியில் உப்புவெளியிலிருந்து ஒரு வேகன் ஆர் வந்தது. "அண்ணை, வெளிப் பேட் போட்டு எட்டு மாதம்கூட ஆகேல்லை, முடிஞ்சிட்டுது. இனி ஏஜென்சிச் சாமான்தான்" என்றார் அதன் சொந்தக்காரர். சாக்கை விரித்துப் பேட்களை வரிசையாக வைத்து அளந்தோம். இடது வெளிப் பேட்டில் 7 மில்லிமீற்றர் மிச்சம். அதே கலிப்பரின் உள் பேட்டில் 2 கூட இல்லை. கலிப்பர் நழுவ வேண்டிய பின்னை, அதாவது அது வழுக்கி ஓடும் இரும்புக் குச்சியை, இழுத்தபோது அது வரவில்லை. முறுக்கித் தட்டி எடுத்தபோது கிறீஸ் காய்ந்து, துரு செந்தூள் போல அப்பியிருந்தது. அந்தப் பின் இறுகினால் கலிப்பர் திரும்பி நழுவாது. பிஸ்டன் பக்கத்து உள் பேட் மட்டும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஏஜென்சிப் பேட் இருந்திருந்தாலும் அதே எட்டு மாதத்தில்தான் முடிந்திருக்கும். உள்ளும் வெளியும் 2 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால், பேட்டின் தரத்தைப் பற்றிப் பேசாமல் முதலில் பின்னையும் பிஸ்டனையும் பாருங்கள்.

அடுத்தது டிஸ்க். டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேட் தொடாத இடம் தேயாமல் வரம்பு போல நிற்கும். வேர்ணியரின் தாடைகள் அந்த வரம்பில் உட்கார்ந்தால் அளவு கூடிக் காட்டும். ஒரே வகையான இரண்டு நாணயக் குற்றிகளைச் சேர்த்து முதலில் அளந்து குறித்துக்கொண்டு, பின்னர் டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொன்றை வைத்து அவற்றின் மேலாக அளந்து, குற்றிகளின் தடிப்பைக் கழித்தால் உண்மையான தடிப்பு வரும். சுற்றிவர ஐந்தாறு இடங்களில் அளக்க வேண்டும். டிஸ்க்கின் நடுக் கும்பத்திலோ விளிம்பிலோ ஆகக்குறைந்த தடிப்பு எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். டிரம்மில் (ஷூ என்ற வளைந்த கட்டை உள்ளிருந்து உரசும் உருளை) இதற்கு எதிர்மாறாக, ஆகக்கூடிய உள்விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும்.

3. பார்ட் நம்பர் இல்லாமல் விலை கேட்க வேண்டாம்

மாடல் பெயரைச் சொல்லிப் பிரேக் பாகம் வாங்குவது, பெயரைச் சொல்லிச் சப்பாத்து வாங்குவது போன்றது. அல்டோ என்றால் இந்தியாவில் செய்த மாருதியா, ஜப்பானிலிருந்து வந்த சுசுகியா? இரண்டும் வெவ்வேறு வாகனங்கள். இந்தியத் தயாரிப்பில் 17 எழுத்தும் எண்ணுமான செசி இலக்கம் இருக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வாகனத்தில் மாடல் குறியீடும் அதன் பின் ஒரு கோடும் தொடர் இலக்கமும் இருக்கும். அக்குவாவுக்கு என்எச்பி10 என்று தொடங்குவது போல. இந்த முழு இலக்கத்தையும் கொடுத்தால்தான் சரியான பார்ட் நம்பர் கிடைக்கும். ஒரே மாடலிலேயே ஆண்டும் தரமும் மாறும்போது டிஸ்க்கின் விட்டமும் கலிப்பரும் மாறுகின்றன.

டொயோட்டாவில் முன் பேட் தொகுதி 04465 என்றும், பின் பேட் 04466 என்றும், பின் ஷூ 04495 என்றும், முன் டிஸ்க் 43512 என்றும் தொடங்கும். அதன் பின்வரும் ஐந்து எழுத்துகளே எந்த வாகனம் என்று சொல்கின்றன. முன்பாதியை மட்டும் சொல்லிப் பொருள் வாங்கி, பேட்டின் முனைகளில் நீட்டிநிற்கும் காது பொருந்தாமல் அரம் போட்டு ராவியவர்களும் இருக்கிறார்கள். பேட்டின் காதை ராவக் கூடாது. ராவிய இடத்தில் பூச்சுப் போய்த் துரு அங்கிருந்தே ஏறும்.

வெளியில் வாங்குவதென்று முடிவுசெய்திருந்தாலும் ஏஜென்சி நம்பரை முதலில் எடுத்துவிடுங்கள். நல்ல வெளிக் கம்பனிகளின் பட்டியல்கள் அந்த நம்பருக்கு எதிரே தங்கள் நம்பரைக் கொடுத்திருக்கும். ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான அடையாளம் அது ஒன்றுதான்.

4. ஒரிஜினல் என்ற சொல்லைப் பிரித்துக் கேட்கவும்

கடையில் ஒரிஜினல் என்று சொல்லும்போது அது நான்கில் ஒன்றாக இருக்கலாம். வாகனக் கம்பனியின் பெட்டியில் வரும் ஜெனுவின் ஒன்று. அக்கம்பனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் அட்விக்ஸ், அகெபோனோ, நிஷின்போ போன்ற தயாரிப்பாளர் தம் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொன்று. வாகனக் கம்பனியோடு தொடர்பில்லாத, ஆனால் தரச்சான்றுள்ள வெளிக் கம்பனியின் பொருள் மூன்றாவது. நான்காவது, ஜெனுவின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலி.

தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவது ஏஜென்சிப் பொருளின் அச்சு அசல் என்று நினைத்துவிட வேண்டாம். உராய்வுக் கலவையை வாகனக் கம்பனிக்கு ஒன்றாகவும் வெளிச்சந்தைக்கு வேறாகவும் செய்வது சாதாரணம். ஆயினும் விலைக்குத் தரம் பார்த்தால் என் வாகனத்துக்கு நான் பெரும்பாலும் தேடுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

5. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி முடிவு

ஏஜென்சியா, வெளியா என்று முழு வாகனத்துக்கும் ஒரே முடிவு எடுப்பதுதான் நான் காணும் மிகப்பெரிய தவறு. பேட்டுக்குப் பொருந்தும் நியாயம் பிரேக் ஒயிலுக்குப் பொருந்தாது.

பேட். தரச்சான்றுள்ள வெளிப் பேட்டை வாங்கலாம். ஐரோப்பிய ஆர்90 ஒழுங்குவிதி, மாற்றுப் பேட்டின் பிரேக் திறன் அசலின் திறனிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. அதற்கு உட்பட்ட பேட்டின் முதுகுத் தகட்டிலும் பெட்டியிலும் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் இலக்கமும் இருக்கும். இங்கே கடற்கரையில் ஓடும் வாகனத்துக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: முதுகுத் தகட்டின் பூச்சு. தகடு துருவேறி வீங்கினால் உராயும் பகுதி அதிலிருந்து கிளம்பும். மலிவான பேட் தேய்ந்து முடியுமுன்னரே இங்கு பழுதாவது பெரும்பாலும் இப்படித்தான். உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. வாகனம் அதிலிருந்து தப்பாது.

கிளிப், ஷிம் (பேட்டின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு), கலிப்பர் பின்னின் இறப்பர். இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பேட் நழுவும் இடத்தில் இருக்கும் மெல்லிய துருப்பிடிக்காத உருக்குக் கிளிப்புக்கு அடியில் இரும்பு துருவேறிக் கிளிப்பை மேலே தள்ளும், பேட் இறுகும். மலிவான பெட்டிகளில் கிளிப்பே இருக்காது. அப்படியானால் அதை மட்டும் ஏஜென்சியில் வாங்குங்கள். வெளிப் பேட்டும் ஏஜென்சிக் கிளிப்பும் நல்ல சேர்க்கை.

டிஸ்க். வெளியில் வாங்கலாம். நடுக் கும்பத்திலும் விளிம்பிலும் சாம்பல் நிறப் பாதுகாப்புப் பூச்சு உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் மட்டும் தடவி வரும் டிஸ்க் ஒரு மாரிக்குள் சில்லுக் கம்பிகளுக்கிடையே செம்மண் நிறமாகிவிடும். கும்பத்தில் துரு ஏறி, சில்லைப் பூட்டும் ஹப்போடு ஒட்டினால் அடுத்த முறை சுத்தியல் இல்லாமல் கழராது. ஆகக்குறைந்த தடிப்பு பொறிக்கப்படாத புதிய டிஸ்க்கை வாங்க வேண்டாம். பழைய டிஸ்க்கை லேத்தில் கடைவதானால், கடைந்த பின்னும் அந்தத் தடிப்புக்கு மேல் இருக்குமா என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

டிரம் ஷூ. முச்சக்கர வண்டிகளின் மூன்று சில்லிலும் டிரம்தான். மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புநீர் பின்சில்லின் பக்கம் வடிகிறது. ஸ்பிரிங்கே முதலில் இற்றுப்போகும். ஷூ எதுவாக இருந்தாலும் ஸ்பிரிங் தொகுதியைச் சேர்த்து மாற்றுங்கள். ஷூவில் ஒட்டிய உராயும் பகுதியான லைனிங்கின் விளிம்பில் கத்தி நுனி நுழையக்கூடிய இடைவெளி இருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

சிலிண்டர் கப், கலிப்பர் சீல். ஏஜென்சிப் பொருள் அல்லது செய்கன் போன்ற பெயர்பெற்ற ஜப்பான் தயாரிப்பு மட்டும். பிரேக் ஒயிலைக் கசியாமல் பிடித்துவைக்கும் இந்த இறப்பரின் தரத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு வருடம் கழித்து ஒயில் கசியும்போதுதான் தெரியும். மாற்றும்போது பெற்றோல், மண்ணெண்ணெய், சாதாரண கிறீஸ் எதுவும் அதில் படக் கூடாது. இந்த இறப்பர் கனிய எண்ணெயில் ஊதிப் பெருக்கும். நல்ல கப்பைப் பெற்றோலில் கழுவிப் போட்டுவிட்டுக் கப்பைக் குறை சொல்வது கராஜ்களில் நடக்கிறது.

ஹோஸ் (பிரேக் ஒயில் செல்லும் இறப்பர்க் குழாய்). ஏஜென்சி, அல்லது எஸ்ஏஈ ஜே1401 என்ற தரக்குறி தன்மேல் அச்சிடப்பட்ட வெளி ஹோஸ். குறி இல்லாத ஹோஸ் எந்த விலைக்கும் வேண்டாம். அது வெடித்தால் மிதி தரையைத் தொடும்.

பிரேக் ஒயில். ஏஜென்சிப் போத்தலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். தாங்கியின் மூடியில் குறித்துள்ள டொட் தரமே முக்கியம். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை ஆகக்குறைந்தது 205 பாகை செல்சியஸ், டொட் 4 இனது 230. ஈரம் உறிஞ்சிய பின் அவை முறையே 140 வரைக்கும் 155 வரைக்கும் இறங்கலாம். கடற்காற்றுள்ள ஊரில் திறந்து வைத்த போத்தல் தன்பாட்டில் ஈரம் குடிக்கும் என்பதால், சீல் உடையாத சிறிய போத்தலை வாங்கி மிச்சத்தை எறிந்துவிடுங்கள். டொட் 5 என்பது சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

பாவித்த ஜப்பான் பாகம். கலிப்பரின் உடலை வாங்கலாம், பிஸ்டனில் குழி விழாமல் இருந்தால். பாவித்த பேட், டிஸ்க், ஹோஸ் ஆகியவற்றை வாங்கவே கூடாது.

6. பெட்டியை விட்டுப் பொருளைப் பார்க்கவும்

பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வானுக்கே ஜெனுவின் பெட்டியில் பேட் வாங்கினேன். பெட்டியில் ஹொலோகிராம் ஒட்டியிருந்தது. விலையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வீதியில் யானை ஒன்று வீதியோரம் நிற்பதைக் கண்டு மிதித்தபோது வான் ஒரு பக்கம் இழுத்தது. வீட்டுக்கு வந்து கழற்றினேன். ஒரு பேட்டின் உராயும் பகுதி தகட்டிலிருந்து நகத்தளவு கிளம்பியிருந்தது. தகட்டில் பார்ட் நம்பரும் இல்லை, தொகுதிக் குறியும் இல்லை. வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்து முதுகைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே கடையிலேயே திறந்து பாருங்கள். நான்கு பேட்டிலும் ஒரே குறியும் ஒரே தொகுதி இலக்கமும் இருக்க வேண்டும். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காதுகள் ஒரே கோட்டில் வர வேண்டும். உராயும் பகுதியின் மூலையை நகத்தால் சுரண்டினால் பொடி உதிரக் கூடாது. பழைய பேட்டைக் கொண்டுபோய் முதுகோடு முதுகு வைத்துத் துளை, காது, தேய்வுக் காட்டி இருக்கும் பக்கம் ஆகியவற்றைப் பொருத்திப் பாருங்கள்.

பேட்டின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஎஃப் போன்ற இரண்டு எழுத்துகள் இருக்கலாம். முதலாவது சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வைக் குறிக்கும். இரண்டாவது சூடேறிய பின் உள்ளதைக் குறிக்கும். ஈ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. பழைய அசல் பேட்டில் எஃப்எஃப் இருந்த இடத்துக்கு ஈஈ வாங்கினால் மிதியை இன்னும் பலமாக அழுத்த வேண்டிவரும். நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கு இரண்டாவது எழுத்து பெரிய விடயமில்லை. நிலாவெளியிலிருந்து ஆட்களை ஏற்றிக் கண்டி, நுவரெலியா போய்வரும் வானுக்கு அந்த இரண்டாவது எழுத்துத்தான் முக்கியம். நீண்ட இறக்கத்தில் பேட் சூடேறும். இந்த எழுத்துகள் உராய்வை மட்டுமே சொல்கின்றன, எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சொல்வதில்லை.

7. விலையைக் கிலோமீற்றரால் வகுக்கவும்

ஏஜென்சிப் பேட் 24,000 ரூபாய், வெளிப் பேட் 12,000 ரூபாய், கூலி ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 45,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 60 சதம். இரண்டாவது 20,000 கிலோமீற்றர் ஓடினால் 75 சதம். அதே வெளிப் பேட் 30,000 ஓடினால் 50 சதம், கணக்குத் தலைகீழாகிறது. ஆகவே மாற்றும் நாளில் ஓடோமீற்றரைப் படமெடுத்து வையுங்கள். உங்கள் வாகனத்தில் உங்கள் ஓட்டத்தில் எது எவ்வளவு உழைத்தது என்று வேறு யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்க்கின் தேய்வையும் சேர்த்துப் பாருங்கள். சில கடினமான பேட்கள் தாம் தேயாமல் டிஸ்க்கைத் தின்னும். பற்றுச்சீட்டில் பார்ட் நம்பரையும் கம்பனிப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே பிரேக் பேட் 1 என்று எழுதிய சீட்டை வைத்து எதையும் திருப்பிக் கொடுக்கவோ முறையிடவோ முடியாது.

8. ஒப்பீடு கெடாமல் பொருத்துதல்

எந்தப் பேட்டும் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வாகனம் இழுக்கும். தூசியைக் கொம்ப்ரசரால் ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருந்ததா என்று பார்வையால் அறிய முடியாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பிஸ்டனைத் தள்ளுமுன் தாங்கியில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் பொங்கி வழிந்து பெயின்டை உரிக்கும். கிளிப்புக்கு அடியிலுள்ள துருவை வெள்ளையாகும்வரை தேய்த்து எடுங்கள். கலிப்பர் பின்னுக்குப் பிரேக்குக்கான சிலிக்கோன் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். பேட் கைவிரலால் தள்ளும்போது நழுவ வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ துரு மிச்சமிருக்கிறது அல்லது பொருள் பிழை. புதிய டிஸ்க்கின் பாதுகாப்பு எண்ணெயைக் கழுவாமல் பொருத்தினால் பேட் அதைக் குடித்துவிடும், பிறகு அந்தப் பேட்டைக் காப்பாற்ற முடியாது.

சில்லைப் பூட்டி வாகனத்தை இறக்கியதும், நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்திக் கடினமாகும்வரை ஏற்றுங்கள். இதை மறந்து பின்னோக்கி எடுத்து மதிலில் மோதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

9. பழக்கி எடுத்தல்

புதிய பேட்டின் மெல்லிய படை டிஸ்க்கில் சமமாகப் படிந்த பின்னரே முழுத் திறன் வரும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இடையில் சற்று ஆறவிட்டு எட்டு முதல் பத்து முறை செய்யுங்கள். சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் படை தடித்து, பின்னர் மிதி நடுங்கும். அதை டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைத்து நல்ல டிஸ்க்கை மாற்றுவார்கள்.

இதை விடியற்காலையில், பின்னால் வாகனம் வராத நேர்வீதியில் செய்ய வேண்டும். கோட்டைப் பக்கம் மான்கள் குறுக்கே வரும், நிலாவெளி வீதியில் மாடுகள் படுத்திருக்கும், அவ்விடங்கள் வேண்டாம்.

10. 500 கிலோமீற்றரில் ஒருமுறை

சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். ஓடி வந்ததும் நான்கு சில்லின் அருகிலும் கையைப் பிடித்து, தொடாமலே, ஒன்று மட்டும் கூடச் சுடுகிறதா என்று கவனியுங்கள். சுட்டால் அந்தக் கலிப்பர் டிஸ்க்கை விடவில்லை. ஒயில் மட்டத்தைக் குறித்து வையுங்கள். கடலோரத்தில் ஓடும் வாகனமானால் மாரி முடிந்து தையில் ஒருமுறை சில்லைக் கழற்றிப் பின்னை இழுத்துப் பார்த்து, உள் பேட்டையும் வெளிப் பேட்டையும் மீண்டும் அளந்து, முதல்நாள் எழுதிய அதே தாளில் எழுதுங்கள்.